சுடறவன் படிப்பான்

கோணி ஊசி கித்தானுக்குள் இறங்கியது. உள்ளங்கையில் கட்டியிருந்த தோல்பட்டையால் அதன் காதை அழுத்தித் தள்ளினாள். மறுபக்கம் முனை தெரிந்ததும் குறடால் கவ்வி இழுத்தாள். மெழுகு பூசிய நூல் சர்ரென்று பின்னால் வந்தது. தைத்துக்கொண்டிருந்தது ரோந்துக் கப்பலின் பீரங்கிக்கு உறை. உப்புக் காற்று முதலில் தின்பது அடி விளிம்பைத்தான். அதனால் அங்கே இரட்டைத் தையல்.

"யாருக்குக்கா இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று கேட்டபடி வந்தார் கிரேன்காரர். கப்பல் யார்டுக்குப் புதியவர். கையில் டீ கிளாஸ்.

"தம்பிக்கு."

"தம்பிக்கா? நல்லா தச்சீங்க! அவனை நாளைக்குக் காலைல இழுத்துட்டுப் போறாங்கக்கா. நடுக்கடல்ல நிறுத்திச் சுடப் போறாங்க."

ஊசி தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கிரேன்காரர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. மடியிலிருந்த ஏப்ரனையும் சேர்த்து உறையோடு தைத்துவைத்திருந்தாள். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு தையல் அவள் கையிலிருந்து வந்ததே இல்லை. கத்திரிக்கோலால் ஏப்ரனை வெட்டி விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

கிரேன்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த யார்டில் எல்லோரும் அந்தக் கப்பலைத் 'தம்பி' என்றுதான் சொல்வார்கள். 'தம்பி வந்துட்டான்', 'தம்பிக்கு வயிறு சரியில்ல, எஞ்சினைப் பாருங்க' என்றெல்லாம் பேச்சு நடக்கும். ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துவிட்டார். அது உறவுமுறை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கப்பலின் பக்கத்தில் எழுதியிருப்பது அவளுடைய கூடப்பிறந்த தம்பியின் பெயர்.

அம்மா சாகும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தம்பி அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கிறான். அப்பா கப்பலில் வேலை, வந்தால் உண்டு. இடுப்பில் அவனும் கையில் துடைப்பமுமாக வளர்ந்தாள். பையன் தண்ணீரைக் கண்டால் காத தூரம் ஓடுவான். குளிக்கவைப்பதற்குள் தெரு கூடிவிடும். கடல் வேலையே வேண்டாம் என்றுதான் பட்டாளத்தில் சேர்ந்தான். சண்டை வந்தது. இடிந்த பாலத்தைத் தாண்டிப் போய் அடிபட்டவர்களை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி வந்தான். கடைசியாகப் போனவன் திரும்பவில்லை.

"தண்ணியப் பாத்தா அலறினவன் பேரைக் கொண்டுபோய்க் கப்பலுக்கு வெச்சிருக்காங்க பாரு" என்று அவள் புருஷன் சிரிப்பார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பெயர் சூட்டிய அன்று நாடாவை வெட்ட அவளுக்கு வெள்ளிக் கத்திரிக்கோல் கொடுத்தார்கள். அது வெட்டவில்லை, மென்றது. பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்த கித்தான் கத்திரியை எடுத்து ஒரே நறுக்கு. கூட்டம் கைதட்டியது. அன்றிலிருந்து அந்தக் கப்பலின் உறை, கூடாரத் துணி, படகு மூடி எல்லாம் அவள் கைத் தையல்தான்.

அதே நாளில்தான் தம்பியோடு பட்டாளத்தில் இருந்த ஒருவன் அவளை ஓரமாகக் கூப்பிட்டான். "அக்கா, பாலத்துல விழுந்தது எதிரி குண்டு இல்ல. நம்ம பீரங்கிதான். கணக்குத் தப்பி விழுந்துடுச்சு" என்றான். பத்து அடி தள்ளி வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷனைத் தவிர வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவது என்ன? செத்தவன் வரப்போகிறானா?

வெட்டுப்பட்ட ஏப்ரனோடு நேராக மேஸ்திரியிடம் போனாள்.

"தம்பியைச் சுடப் போறாங்களாமே?"

மேஸ்திரியின் முகம் செத்துவிட்டது. "எந்தப் பாவி சொன்னான்?"

"அப்ப உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு எதுக்கு உறை தைக்கிற வேலை கொடுத்தீங்க?"

"வேற என்ன பண்றது? சும்மா உக்காந்தா நீ கேள்வி கேப்ப. கப்பல் போனப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

"நல்லா சொன்னீங்க போங்க!" என்று சொல்லிவிட்டு யார்டு அதிகாரியின் அறைக்குப் படியேறினாள். கால் தரையில் படுவதே தெரியவில்லை.

அதிகாரிக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். எழுந்து நாற்காலி போட்டார்.

"கப்பலுக்கு வயசாயிடுச்சும்மா. அடித்தகடு காகிதம் மாதிரி ஆயிடுச்சு. உடைச்சு வித்தா யார் யாரோ வாங்கிக் கம்பியாக்குவாங்க. இது அப்படியில்ல, பயிற்சிக்கு உதவுது. கடைசி வரைக்கும் நாட்டுக்கு உழைக்கிற மாதிரி. சுடறது ஒண்ணும் எதிரி இல்லம்மா. நம்ம பீரங்கிதான்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு?"

"பேரு மேல பெயிண்ட் அடிச்சாச்சு."

"அது பெயிண்ட்ல எழுதின பேர் இல்ல சார். வெல்டிங் வெச்சு எழுப்பின எழுத்து. நீங்க நிறத்தைத்தான் மறைச்சிருக்கீங்க. வெயில் சாஞ்சு விழும்போது ஜன்னல்ல நின்னு பாருங்க, இங்கேருந்தே படிக்கலாம்."

"நடுக்கடல்ல யாரும்மா படிக்கப் போறா?"

"சுடறவன் படிப்பான். தூரக்கண்ணாடி வெச்சுப் பாத்துத்தானே சுடுவான்?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "எனக்கு வந்த உத்தரவு பெயிண்ட் அடிக்கிறதோட சரி. தகட்டுல கை வைக்கணும்னா மேலிடத்துல கேக்கணும். காலைல இழுவைப் படகு வந்து நிக்கும். நேரம் இல்லம்மா."

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்காராமலே சொன்னாள்.

"முதல் தடவை அவனை அடிச்சதும் நம்ம பீரங்கிதான் சார்."

அதிகாரிக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ரத்தம் இல்லை. சுவரில் அதே கப்பலின் படம் மாட்டியிருந்தது. அதன்மேல் பார்வை போகவும் சட்டென்று திருப்பிக்கொண்டார்.

"இதை யார்கிட்டயும்..."

"இத்தனை வருஷம் சொன்னேனா? கப்பலைச் சுடுங்க, அது இரும்பு. அவன் பேரைப் பாத்துக்கிட்டே ரெண்டாந்தடவை சுட வேண்டாம். அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவர் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் இறங்கி வந்துவிட்டாள்.

வீட்டில் புருஷன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

"அதைப் போய்ச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க."

"என்னையே மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினவ நீ!"

"உங்க வாய்க்குத்தான் சத்தியம் வாங்கினேன். என் வாய்க்கு இல்ல."

அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தாள். பஸ்ஸையே வாயால் ஓட்டிய மனுஷன், தட்டிலேயே கையைக் கழுவினார். பிறகு, "காலைல நானும் வரட்டுமா?" என்றார். "முட்டி வலியோட நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? என்னைத் தனியா விடுங்க, போதும்" என்றாள்.

மறுநாள் காலை யார்டு வாசலிலேயே சத்தம் கேட்டது. கிரைண்டர் இரும்பைக் கடிக்கும் சத்தம். ஓடக் கூடாத வயதில் ஓடினாள். கப்பலின் பக்கத்தில் பலகை கட்டித் தொங்கவிட்டு, கிரைண்டர்காரர் உட்கார்ந்து எழுத்தைச் சீவிக்கொண்டிருந்தார். பெயரில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. கீழே அதிகாரி நின்றிருந்தார். ராத்திரி தூங்கிய கண்களாக இல்லை.

"மேலிடத்துல கேட்டீங்களா சார்?"

"கேட்டிருக்கேன். பதில் வரதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

பொறி கீழே இழுவைக் கயிற்றின்மேல் கொட்டியது. "ஈரக் கித்தான் கொண்டாங்கப்பா, கயிறு பத்திக்கும்!" என்று மேஸ்திரி கத்தினார். யாரும் நகருவதற்குள் அவள் போய் அந்தப் பீரங்கி உறையைத் தூக்கி வந்தாள். கிரேன்காரர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றார்.

"தெரிஞ்சிருந்தா நீயும் சேந்து மறைச்சிருப்ப. இறுக்கிப் பிடி."

நனைத்து, கயிற்றின்மேல் விரித்தார்கள். கடைசி எழுத்தின் கொம்பும் போயிற்று. கிரைண்டர்காரர் அந்த இடத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்து, வழவழவென்று இருப்பதாகத் தலையாட்டினார். பெயிண்ட் பூசினார்கள். இழுவைப் படகு கயிற்றை இழுத்தது.

"கப்பல் கிளம்பிடுச்சு" என்றார் மேஸ்திரி. இத்தனை வருஷமாக 'தம்பி கிளம்பிட்டான்' என்றே சொல்லிப் பழகியவர். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஈர உறையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள். விரித்துப் பார்த்தாள். பொறி பட்டு நடுவில் ஓட்டைகள். பொத்தல் விழுந்த பாகத்தை வெட்டி எறிந்தாள். ஏப்ரன் துண்டு ஒட்டியிருந்த தையலைப் பிரித்தாள். மிச்சக் கித்தான் ஒரு படகு மூடிக்குக் காணும். ஊசியில் நூல் கோத்தாள்.