ஊசி பாயாமல் ஒரு பாட்டு

ஐம்பத்து மூன்று வயதில், நானும் ஒரு டிஜே ஆகலாம் என்று நம்பி, இசைத்தட்டு சுழற்றும் கருவிகள் இரண்டையும் ஒலியைக் கலக்கும் மிக்சர் ஒன்றையும் வாங்கினேன். வீட்டில் தையல் மெசின்கள் என்று சொல்லிவைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்த மனைவி, கிழிந்த தலையணை உறை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

பிறகு தங்கை மகளின் கலியாணம் வந்தது. காலையில் கோயிலில் தாலி. பின்னேரம் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் வரவேற்பு. மணமக்கள் உள்ளே நுழையும்போது, மருமகள் விரும்பிய பழைய பாட்டை இசைத்தட்டிலேயே போடுவேன் என்று தாய்மாமன் தோரணையில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் நண்பர்கள் அலுமாரி அளவில் இரண்டு பேஸ் ஒலிபெருக்கிப் பெட்டிகளை மேடையில் ஏற்றியிருந்தார்கள். சபை என்னைப் பார்க்க வேண்டுமே என்று நானும் என் கருவிகளை அதே மேடையில், அவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பலகை மேடை; உள்ளே வெறும் கூடு. இரண்டு மணிக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் அதிர்விலேயே ஊசி பல்லவியிலிருந்து சரணத்துக்குப் பாய்ந்தது. மேடையோரத்து நிறைகுடத்தில் தேங்காய் ஆடியது. தங்கை ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, பிள்ளை நடந்து வரேக்க பாட்டு இப்பிடிப் பாஞ்சால் சபைக்கு முன்னால சிரிப்பாய்ப் போயிடும். ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

"ஏலும்," என்றேன். எப்படி என்று அப்போது எனக்கும் தெரியாது.

முதலில், ஊசி பூட்டிய கையின் பின்னாலுள்ள எடையைத் திருகி, ஊசியை அரைக் கிராம் கூடுதல் அழுத்தத்தில் பதியவைத்தேன். பாய்ச்சல் குறைந்தது, ஆனால் பெட்டிகள் மாடு மாதிரி முனகத் தொடங்கின. பெட்டியின் அதிர்வு மேடைக்கு, மேடையிலிருந்து ஊசிக்கு, ஊசியிலிருந்து திரும்பவும் பெட்டிக்கு. எங்கள் கந்தோரில் கடிதங்கள் சுற்றுவதும் இப்படித்தான். மிக்சரில் ஆகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் பொத்தானை அமத்தினேன். முனகல் பாதியானது.

"அங்கிள், பேஸ் செத்துப்போச்சு! நெஞ்சு அதிராட்டில் அது என்ன கலியாணம்?" என்றான் நண்பர்களில் ஒருவன்.

"உங்கட நெஞ்சு அதிரட்டும் தம்பி. என்ர ஊசி அதிரக்கூடாது."

மிச்சம் இருந்தது ஒரே வழிதான். அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. மேடையை விட்டு இறங்கினேன். சீமெந்துத் தரையில், ஒரு தூணுக்குப் பின்னால் மேசையைப் போட்டேன். தங்கையின் கணவர் பக்கத்துச் சைக்கிள் கடையில் இரண்டு டியூப் வாங்கிவந்தார். அரைக் காற்றடித்து மேசையில் வைத்து, மேலே ஒரு பலகை, அதன்மேல் கருவிகள்.

"இனி ஏறி மிதிச்சால் கப்பல்துறை ஊர் வரைக்கும் போகலாம் மச்சான்," என்றார் அவர்.

திரும்பப் போட்டேன். தேங்காய் ஆடியது, ஊசி ஆடவில்லை.

நாலரை மணிக்கு மணமக்கள் வந்தார்கள். நான் மூச்சை அடக்கியபடி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஓரிடத்திலும் பாயவில்லை. மருமகள் தாளத்துக்கு நடந்து வந்தாள் என்று பிறகு சொன்னார்கள். தூண் மறைத்ததால் நான் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் தகப்பனார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல வேலை செய்தனீங்கள். தட்டைச் சும்மா வடிவுக்குச் சுத்தவிட்டிட்டு, பாட்டைப் போனில போட்டீங்கள் பாருங்கோ, அதுதான் புத்தி."