வடபுறத்தில் மஞ்சளுக்கு இடமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் முதுகில் ஒரு சேற்று உருண்டை வந்து விழுந்தது.

சும்மா தெறித்த சேறு அல்ல. ஏரி மண்ணைக் குழைத்து, கைக்கு அடக்கமாக உருட்டி, குறி பார்த்து எறிந்தது. எறிந்தவன் என் நண்பன் கோவிந்தசாமி. கடைத்தெருவில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருக்கிறானே, அவனேதான். இருபது வருஷ சிநேகிதம்.

ஐயோ பாவம் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். மேட்சுக்குச் சேற்று உருண்டை கொண்டு போகலாம் என்று எங்கள் திருத்தணிக்குச் சொல்லிக் கொடுத்த மகான் யார் தெரியுமா? இந்தப் பத்தியை எழுதுகிறவன்தான்.

எங்கள் ஊருக்கும் அரக்கோணத்துக்கும் வருஷா வருஷம் ஒரு புட்பால் மேட்ச் உண்டு. எங்கள் பையன்களுக்கு மயில் நீல பனியன். அவர்களுக்கு மஞ்சள். மைதானத்துக்கு வடபுறம் நாங்கள், தென்புறம் அவர்கள். நடுவில் இருபத்திரண்டு பேர் ஏதோ ஒரு பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். அதை யார் பார்த்தார்கள்? எங்களுக்குக் கத்தவே நேரம் போதாது.

நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். கையெழுத்து சுமார்தான், தொண்டை மட்டும் ஆண்டவன் கொடுத்தது. வடபுறத்தில் நான் ஒரு சத்தம் போட்டால் ரயில்வே கேட் வரை கேட்கும் என்பார்கள். அரக்கோணத்து கோல் கீப்பருக்கு 'சல்லடை' என்று பெயர் வைத்தது நான். அவன் பந்தைப் பிடிக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் "டேய் சல்லடை!" என்று நான் ஆரம்பிப்பேன். பின்னால் இருநூறு பேர் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு அரக்கோணத்தான் தெரியாத்தனமாக எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டான். ரகளை. அன்றைக்கே ஒரு சட்டம் வேண்டும் என்று முடிவாயிற்று. எழுதத் தெரிந்தவன் நான்தானே? வெள்ளைத் தாளில் எழுதி, கோவிந்தசாமி கடையில் ஒட்டினேன்.

'மேற்படி மைதானத்தின் வடபுறத்தில் மஞ்சள் நிறம் கொண்ட சட்டை, வேட்டி, துண்டு, தலைப்பாகை இவற்றில் எதையும் அணிந்து எவரும் எக்காரணம் கொண்டும் பிரவேசிக்கலாகாது. இதற்கு ஆட்சேபம் சொல்ல எவருக்கும், அவர்தம் வாரிசுகளுக்கும் பாத்தியதை இல்லை.'

ஓட்டை இல்லாமல் எழுதுவதுதானே என் தொழில்?

போன வருஷம் ஒரு புது மாப்பிள்ளை சிக்கினான். ஆர்.கே.பேட்டைக்காரன். மஞ்சள் தோய்த்த முகூர்த்த வேட்டியோடு மாமனார் ஊர் மேட்சைப் பார்க்க வந்துவிட்டான். "தாலி கட்டின துணிங்க, இன்னும் மூணு நாள் கட்டியிருக்கணும்னு சொல்லிகிறாங்க" என்று கெஞ்சினான். எக்காரணம் கொண்டும் என்றால் எக்காரணம் கொண்டும்தான்! வேட்டியை அவிழ்க்க வைத்தோம். மாப்பிள்ளை டவுசரோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்தார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

முருகன் ஊரில் மஞ்சளுக்குத் தடை போடலாமா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நியாயம். ஆனால் மேட்ச் எப்போதும் தை மாதத்தில் நடக்கும். மஞ்சள் கட்டிக்கொண்டு காவடிக்காரர்கள் வருவது ஆடியில். இரண்டும் சந்திக்கும் என்று யார் கண்டார்கள்? இந்த வருஷம் பந்துக்கு உள்ளே போடும் ரப்பர் பிளாடர் எங்கேயும் கிடைக்கவில்லை. சண்டைக் காலத்தில் ஆரம்பித்த தட்டுப்பாடு இன்னும் தீர்ந்தபாடில்லை. மேட்ச் தள்ளிப் போய், தள்ளிப் போய், ஆடியில் வந்து நின்றது.

அதற்குள் என் வீட்டில் வேறொன்று நடந்துவிட்டது.

என் மகள் அலமேலுவுக்கு ஆறு வயது. வைகாசியில் ஜுரம் வந்தது. டைபாய்டு என்றார் டாக்டர். இருபத்தொரு நாள் இறங்கவே இல்லை. 'நைனா' என்று ஓயாமல் கூப்பிடுகிற குழந்தை, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு யாரோ என்று திரும்பிக்கொண்டது. அந்த இருபத்தொரு நாளைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியாது. பயந்தேன். அவ்வளவுதான்.

அப்போது என் மனைவி மலையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தால், வீட்டுக்காரர் ஆடி ஒன்று முதல் கிருத்திகை வரை மஞ்சள் துணி கட்டி, கெட்ட வார்த்தை பேசாமல் விரதம் இருந்து காவடி எடுப்பார் என்று. கட்டுகிற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இருபத்திரண்டாம் நாள் ஜுரம் இறங்கியது.

ஆடி பிறந்ததும் அண்டாவில் மஞ்சளைக் கரைத்து என் துணிமணி முழுவதையும் முக்கி எடுத்துவிட்டாள். இது ரேஷனில் அளந்து கொடுக்கும் கன்ட்ரோல் துணிக் காலம். என் ஆஸ்தியே இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு துண்டு. வீட்டில் வெள்ளையாக மிஞ்சியது தலையணை உறை ஒன்றுதான்.

மேட்ச் தேதி தெரிந்த அன்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏம்மே... ஞாயித்துக்கிழமை ஒரு மூணு மணி நேரம் மட்டும் வேற துணி கட்டிக்கலாமா? யார்கிட்டயாச்சும் கேட்டு வாங்கிக்கிறேன். வந்ததும் குளிச்சிட்டு மறுபடியும் மஞ்சள்..."

அவள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உன் புள்ள மூணு மணி நேரம் மட்டும் இல்லாம போனா பரவாயில்லையான்னு முருகன் கேட்டாரா உங்கள?"

மஞ்சள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

சரி, மேட்சுக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்கிறீர்களா? இருந்திருக்கலாம். குடிக்கிறவன்கூடக் குடிக்காமல் இருந்திருக்கலாம்.

போனேன். மஞ்சள் வேட்டி, மஞ்சள் சட்டை, மஞ்சள் துண்டு, கழுத்தில் மாலை. வடபுறத்து வேலிப் படலை நெருங்கியதும் கோவிந்தசாமி கையை நீட்டி மறித்தான்.

"நில்லு. எங்க போற?"

"என்னடா கோயிந்து, என்னைத் தெரியலையா?"

"தெரியுது. துணியும் தெரியுது."

"விரதம்டா! குழந்தைக்கு வேண்டிக்கினது."

"விரதக்காரன் மலைக்குப் போவான். மேட்சுக்கு இன்னாத்துக்கு வர்றான்?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "போன வருஷம் அந்த மாப்பிள்ளையும் தாலி கட்டின துணின்னு தானே சொன்னான்? வுட்டியா நீ? எக்காரணம் கொண்டும்னு நீதானே எழுதின?"

சட்டத்தில் வேண்டுதலுக்கு ஒரு விலக்கு எழுதியிருக்கக் கூடாதா? எழுதவில்லையே!

கோவிந்தசாமி கெட்டவன் இல்லை. என்னைப் பனைமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். அவன் தோளில் இருந்த நீலத் துண்டையும், யாரிடமோ வாங்கிய வெள்ளை வேட்டியையும் என் கையில் திணித்தான்.

"இத கட்டிக்க. மேட்ச் முடிஞ்சதும் மாத்திக்க. யாருக்குத் தெரியப் போவுது? நீ இல்லாம எப்படிப்பா கத்துறது? உன் தொண்டை வேணும் எங்களுக்கு."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கை வேட்டி முடிச்சு வரை போய்விட்டது. உள்ளே ரெப்ரி விசில் ஊதுகிறார். இருநூறு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள். யாருக்குத் தெரியப் போகிறது?

ஜுரத்தில் என்னைப் பார்த்துவிட்டு யாரோ என்று திரும்பிக்கொண்ட அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. துண்டையும் வேட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"அப்ப அந்தப் பக்கம் போய்க்க" என்றான் கோவிந்தசாமி, நிஜமான கோபத்தோடு.

மைதானத்தைச் சுற்றிக்கொண்டு தென்புறம் போனேன். ஊரே பார்த்தது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் சீட்டி அடித்தார்கள்.

அரக்கோணத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "வாங்க, வாங்க! மேலேருந்து கீழே வரைக்கும் மஞ்சளா வந்துகிறாரு பாரு!" என்று இடம் விட்டார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர். காதர் பாய் என்று பெயர் சொன்னார். அரக்கோணத்தில் மெக்கானிக்காம். விரல் நகமெல்லாம் கிரீஸ். பொட்டலத்திலிருந்து வேர்க்கடலையை என் கையில் கொட்டினார்.

ஆட்டம் ஆரம்பித்தது. வடபுறத்திலிருந்து "டேய் சல்லடை!" என்று சத்தம் வந்தது. என் பங்கு இல்லாமல் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது.

பாய் என் பக்கம் குனிந்தார். "அந்தப் பக்கம் ஒரு ஆள் உண்டுங்க. பெரிய தொண்டை. வருஷா வருஷம் அவன்தான் ஆரம்பிப்பான். இன்னைக்கு அவன் குரலே காணோமே... செத்துகித்துப் போயிட்டானா?"

வேர்க்கடலை தொண்டையில் நின்றது.

"இல்லைங்க... ஒடம்பு சரியில்லைன்னு கேள்வி."

"அடப்பாவமே" என்றார் பாய். "அல்லா நல்லபடியா வைக்கணும்." நிஜமாகவே கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டார். பிறகு சிரித்தார். "ஆனா ஒண்ணுங்க. இன்னைக்கு என் தம்பி கொஞ்சம் நிம்மதியா ஆடுவான்."

"யாருங்க உங்க தம்பி?"

"கோல்ல நிக்கிறானே, அவன்தான். திருத்தணி மேட்சுன்னா முந்தின நாள்லேருந்து அவனுக்குச் சோறு எறங்காது. தெருவுல பசங்க 'சல்லடை'ன்னு கூப்புடுறானுங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட கேட்டுட்டாங்க. எங்க அம்மா அழுதுட்டாங்க."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூன்று வருஷமாக நான் கத்தியது மைதானத்தோடு போயிற்று என்று நினைத்திருந்தேன். அது ரயிலேறி அரக்கோணம் போய், ஒரு பெண் பார்க்கும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது! வெட்கமாக இருந்தது. வாயைத் திறக்கவே கூடாது என்று தீர்மானித்தேன்.

அந்தத் தீர்மானம் பத்து நிமிஷம் தாங்கியது.

எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வலது ஓரமாகப் பந்தைக் கொண்டுவந்து, இரண்டு பேரை ஏமாற்றி, உதைத்தான் ஒரு உதை! வலை அதிர்ந்தது.

"கோ...ல்!"

யார் கத்தியது? நான்தான்! எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, ஆயிரம் மஞ்சளுக்கு நடுவில் ஒற்றை ஆளாக. ரயில்வே கேட் வரை கேட்டிருக்கும்.

தென்புறம் அப்படியே அடங்கிப் போயிற்று. பாய் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அதே சமயம் எங்கள் பக்கத்து ஆட்கள் கோல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். கோல் விழுந்தால் ஓடி வந்து மஞ்சள் கூட்டத்தின் மேல் உருண்டைகளை வீசிவிட்டு ஓடிவிட வேண்டும் — இதுவும் என் ஏற்பாடுதான். பாயின் பார்வையைத் தாங்க முடியாமல் திரும்பி நின்றேன். முதுகில் சொத்தென்று விழுந்தது. யார் என்று பார்த்தால்... கோவிந்தசாமி! என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்துவிட்டுப் போனான்.

முன்னால் நான்கைந்து அரக்கோணத்துப் பையன்கள் சட்டைக் கையை மடித்தார்கள். இந்தப் பக்கம் சேறு, அந்தப் பக்கம் உதை. முருகா!

பாய் அவர்களைக் கையமர்த்தினார். தோளிலிருந்த துண்டை எடுத்து என் முதுகைத் துடைத்தார்.

"விரதத் துணியாச்சே, சேறு பட்டா ஒண்ணும் தப்பில்லையா?" என்று கேட்டார். துடைத்து முடித்துவிட்டு, "அந்தத் தொண்டை உங்களுதுதானா?"

"ஆங்."

"ஒடம்பு சரியில்லைன்னீங்க?"

"எனக்கில்லைங்க. என் பொண்ணுக்கு. டைபாய்டு. அதுக்குத்தான் இந்த மஞ்சள்."

"இப்ப?"

"நல்லாகிறா."

"அது போதும். உக்காருங்க." கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டார். "இன்னொரு கோல் விழுந்தா வாயப் பொத்திக்குங்க. இங்க எல்லாரும் என்ன மாதிரி இல்ல."

பொத்திக்கொள்ள அவசியமே வரவில்லை. அதற்குப் பிறகு விழுந்த இரண்டு கோலும் எங்கள் வலையில். கடைசி நிமிஷத்தில் எங்கள் ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு போய் உதைத்ததை, பாயின் தம்பி மண்ணில் புரண்டு விழுந்து அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டான். தென்புறமே எழுந்து ஆடியது. பாய் அழுதார்.

நான் கை தட்டினேனா? தட்டினேன். எழுதியே விட்டேன், இனி ஊரார் என்ன செய்தாலும் சரி.

அந்தத் தாளை மறுநாள் காலையிலேயே கோவிந்தசாமி கடையிலிருந்து கிழித்தேன். அவன் தடுக்கவில்லை. அந்த ஆர்.கே.பேட்டை மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

ஊர் மொத்தமும் துக்கம் காத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி முதலில் என் வேட்டியைப் பார்த்தாள். அதே வேட்டிதான் என்று தெரிந்ததும் அவள் முகம் தெளிந்தது. அவளுக்குப் புட்பாலும் தெரியாது, அரக்கோணத்துப் பகையும் தெரியாது.

அலமேலு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். "நைனா, யாரு ஜெயிச்சாங்க?"

"மஞ்ச பனியன்காரங்க" என்றேன்.

"மஞ்சக் கட்டினவங்களா?" என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முருகா! வேண்டுதல் பலிச்சிடுச்சின்னு சகுனம் காட்டிட்டியே!" என்று உள்ளே ஓடினாள்.

அரக்கோணம் ஜெயித்ததற்குத் திருத்தணியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டிய ஒரே வீடு என்னுடையதுதான் — இதை மட்டும் தயவுசெய்து கோவிந்தசாமியிடம் யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.