மொட்டை மலைக்குக் கொடுக்காத சைகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் ஆள் நான். முப்பத்தாறு வருஷம் மத்திய அரசின் வரைபட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து, மலை மலையாக ஏறிக் கோணம் அளந்தவன். ஒரு கோணத்தை ஒரே தடவை பார்த்தால் எங்களுக்கு அது சேர்த்தியே இல்லை. கருவியைத் திருப்பி மறுபடி பார்த்து, மையால் எழுத வேண்டும். தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். பேயைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட இரண்டாம் தடவை பார்த்து உறுதிசெய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே இதை நீங்கள் நம்புவது உங்கள் இஷ்டம். உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்ப மாட்டேன்.

என் மாப்பிள்ளை கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வரும்போது கைக்கு அடக்கமான ஜிபிஎஸ் கருவி ஒன்றையும், அதைவிட உபயோகமில்லாத ஒரு பொழுதுபோக்கையும் கொண்டுவந்தார். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவாராம். மற்றவர்கள் கருவியோடு போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்களாம். பூமியைச் சுற்றி இத்தனை செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டிருப்பது, படித்த ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு டப்பா தேடுவதற்காகத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

2007 அக்டோபர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிம்ப்ரியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் படம் காட்டும் மென்பொருளை அவர் திறந்துவைத்திருந்தார்.

"மாமா, இதப் பாருங்க. தளேகாவ் தாண்டி ஒரு டப்பா இருக்குதுங்க. ரெண்டு வாரமாப் போறேன், சிக்கவே மாட்டேங்குது."

"கருவியில பேட்டரி இருந்துச்சா மாப்பிள்ளை?"

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. சரியா அந்தப் புள்ளியிலதான் நின்னேன். ஒரு முள்ளுச்செடிதான் இருந்துச்சு."

எண்களை வாங்கிப் பார்த்தேன். பார்த்த உடனே சிரிப்பு வந்தது. ஒளித்தவர் இடத்தைக் கருவியால் அளக்கவில்லை, எங்கள் பழைய வரைபடத்திலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார். எங்கள் வரைபடம் பூமியின் வடிவத்தை ஒரு விதமாக எடுத்துக்கொள்ளும், ஜிபிஎஸ் வேறு விதமாக. ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் நூறு மீட்டருக்கு முன்னே பின்னே தள்ளி நிற்க வேண்டியதுதான். எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் செய்தால் மன்னிப்பு உண்டு, இரண்டாம் மாதம் விளக்கம் எழுதித் தர வேண்டும். காகிதத்தில் கணக்குப் போட்டு, திரையில் சரியான இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

தொட்ட பிறகுதான் அது எந்த இடம் என்று உறைத்தது. டப்பா இருந்தது நான் நின்று கோணம் அளந்த பழைய மலையுச்சியில். அதற்கு எதிரே, பள்ளத்தாக்கைத் தாண்டி மேற்கே, நாங்களாகவே மொட்டை மலை என்று பெயர் வைத்திருந்த மலை. அதன் உச்சியில், அளவைக்காக நாங்கள் நட்ட கல்தூண் இருக்கும் இடத்தில், திரையில் ஊசி முனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

"என்னங் மாமா அது? பளிச்சுனு இருக்குது?"

"தகரமா இருக்கும். பிளாஸ்டிக் ஷீட்டா இருக்கும். எதையாவது பார்த்தா உடனே வாயைப் பிளக்கக் கூடாது."

அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதுவதில் அர்த்தமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே இரண்டு மலைகளில் வேலை நடந்தது. தூரத்து மலையிலுள்ள தூண் கருவிக்குத் தெரியாது என்பதால், அங்கே ஓர் ஆள் கண்ணாடியோடு நிற்பார். வெயிலைப் பிடித்து நம் பக்கம் திருப்புவார். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கோணம் எடுப்போம். மொட்டை மலையில் நின்றவர் சகாராம் என்ற கலாசி, அதாவது அளவைக்கு உதவும் கடைநிலை ஊழியர். கை நடுங்காத ஆள். அவர் திருப்பும் வெளிச்சம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். விதி எளிமையானது. வேலை முடிந்ததும் நான் என் கண்ணாடியால் மூன்று நீண்ட வீச்சு காட்ட வேண்டும், அவர் பதிலுக்கு மூன்று காட்டுவார். பிறகு இரண்டு குட்டை வீச்சு. 'இறங்கி உங்களிடம் வருகிறேன்' என்று அர்த்தம். கண்ணாடியை என்னிடம் ஒப்படைத்து என் கையெழுத்து வாங்கினால்தான் அவர் வேலை முடியும். என் சைகை வராமல் அவர் இடத்தை விட்டு அசையக் கூடாது.

அன்று காலை ஏறப் போகும்போது சிரித்துக்கொண்டே தன் ஊர்ப் பாஷையில் சொன்னார்: "சாஹேப், இஷாரா விஸரு நகா." சைகையை மறந்துவிடாதீர்கள் என்று.

மறந்துவிட்டேன். மாலை நாலு மணிக்கு மேகம் திரண்டது, ஜீப் டிரைவர் அவசரப்படுத்தினார், கண்ணாடியை முதலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்தது. மழையைப் பார்த்தால் தானே இறங்கிவிடுவார், மனிதர்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவர் மனிதர் மட்டுமில்லை, விதியை மதிக்கிற மனிதர். மறுநாள் காலை தூணுக்குப் பக்கத்தில் கிடந்தார். இடி விழுந்திருந்தது. கண்ணாடி நனையாமல் சட்டைக்குள் இருந்தது.

விசாரணை நடந்தது. என் அளவைப் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினேன். '4.10. முடிவுச் சைகை கொடுக்கப்பட்டது. பதில் பெறப்பட்டது.' அடித்தல் திருத்தல் இல்லாத அழகான கையெழுத்து. சைகை வந்த பிறகும் இறங்காமல் தன் அலட்சியத்தால் இறந்தார் என்று கோப்பு மூடப்பட்டது. அவர் மனைவி யமுனாபாய் அலுவலகத்தில் வேலை கேட்டு மனுப்போட்டபோது, அந்தக் காரணத்தைக் காட்டித்தான் மறுத்தார்கள். மறுப்புக் கடிதத்தின் வரைவை எழுதியதும் நான்தான். எல்லா நடைமுறையும் தெரிந்தவன் இல்லையா!

இப்போது திரும்பி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"அப்பா, ஒரு தடவ அவரோட போய்ட்டுத்தான் வாங்களேன்" என்றாள் என் மகள் சுதா. "சும்மா உக்காந்து எல்லாரையும் குறை சொல்றதுக்கு மலை ஏறலாம்ல."

போனோம். மூன்றரை மணிக்கு உச்சியை எட்டிவிட்டோம். மாப்பிள்ளை கருவியை ஆரத்தித் தட்டு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். நான் திசைகாட்டியை வைத்து அடி எண்ணி நடந்தேன். எங்கள் பழைய கற்குவியலில் மூன்றாவது கல்லுக்கு அடியில் டப்பா இருந்தது.

"மாமா! நீங்க சாதாரண ஆள் இல்லைங்க!"

"இது தெரிய உங்களுக்கு மூணு வாரம்."

டப்பாவில் ஒரு நோட்டு, பிளாஸ்டிக் பொம்மை, சாவி வளையம், ரசம் அங்கங்கே போன ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை. எங்களுக்கு முன்னால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒளித்தவர் இணையத்தில் இந்த ஒரு டப்பாவைத் தவிர வேறெதுவும் போட்டதில்லையாம். நான் வழக்கம்போல் முழுப் பெயர், பதவி, வீட்டு விலாசம், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"விலாசமெல்லாம் எதுக்குங் மாமா? யாராச்சும் வீடு தேடி வந்துறப் போறாங்க."

"பதிவுன்னா முழுசா இருக்கணும்."

அப்போதுதான் மேற்கே வெளிச்சம் வந்தது.

தகரம் மினுங்கினால் துடிக்கும். லாரிக் கண்ணாடி ஒரு கணம் அடித்துவிட்டுப் போய்விடும். இது அசையவில்லை. மொட்டை மலை உச்சியில், தூண் இருக்கும் இடத்தில், ஆணி அடித்த மாதிரி நின்றது. மாப்பிள்ளையிடமிருந்து பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். தூண் தெரிந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, தகரமில்லை, ஒன்றுமில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது. கண்ணைத் தேய்த்துவிட்டு இரண்டாம் தடவை பார்த்தேன். மூன்றாம் தடவையும் பார்த்தேன்.

"யாரோ விளையாடறாங்க போலங் மாமா" என்றார் மாப்பிள்ளை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

மணி பார்த்தேன். நாலு பத்துக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. தெற்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நான் அந்த வட்டக் கண்ணாடியை எடுத்தேன்.

"மாமா, ஒண்ணு எடுத்தா பதிலுக்கு ஒண்ணு வெக்கணுங்க. அதான் ரூல்."

சட்டைப் பையிலிருந்த பேனாவை டப்பாவில் போட்டேன். இடது கையை நீட்டி, இரண்டு விரல்களுக்கு நடுவே மொட்டை மலையை வைத்து, வெயிலை அந்த இடைவெளிக்குள் திருப்பினேன். சரியாக நாலு பத்து ஆனதும் காட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நீண்ட வீச்சுகள்.

எதிரே வெளிச்சம் அணைந்தது.

அடுத்த நிமிஷம் மேகம் சூரியனை மூடிவிட்டது. நாங்கள் நின்ற மலையும் எதிர் மலையும் பள்ளத்தாக்கும் ஒரே நிழல். வெயில் இல்லாமல் கண்ணாடி வேலை செய்யாது, இது முதல் நாள் பாடம். அந்த நிழலுக்குள்ளிருந்து பதில் வந்தது. மூன்று நீண்ட வீச்சு. நிதானமாக, சம இடைவெளியில். பிறகு இரண்டு குட்டை.

அவ்வளவுதான். மாப்பிள்ளையும் எண்ணியிருந்தார். "மூணு பெருசு, ரெண்டு சின்னது. சரிதானுங் மாமா?" என்று கேட்டார். நான் டப்பாவைத் திரும்பக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கத் தொடங்கினேன். அவர் அதற்கப்புறம் டப்பா தேடப் போகவில்லை. கருவி அவர்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

மறுநாள் அலுவலகத்துக்கு எழுதினேன். என் பதிவு பொய், சகாராம் மேல் தவறில்லை, கோப்பைத் திருத்துக என்று. இரண்டு மாதம் கழித்து ஒன்றரை வரியில் பதில் வந்தது: குறிப்பிட்ட கோப்பு வைத்திருக்கும் காலம் முடிந்து விதிப்படி அழிக்கப்பட்டது, மேல்நடவடிக்கைக்கு இடமில்லை. குற்றம் சொல்ல முடியாது. நானே நூறு பேருக்கு அப்படிப் பதில் எழுதியிருக்கிறேன்.

பிறகு கையெழுத்துப் போட்ட ஒரு வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு யமுனாபாயைத் தேடிப் போனேன். தளேகாவுக்கு உள்ளே ஒரு சின்ன ஊர். வாசலில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"மக் தே கோணாசி வாட் பகத் ஹோதே?" அப்படியானால் அவர் யாருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்?

"மாஜி" என்றேன். எனக்காக.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். டப்பா தேடுகிறவர்களையும் பேய் பார்க்கிறவர்களையும் நான் வாழ்நாள் முழுக்க எப்படிப் பார்த்தேனோ அப்படி. "ஆதா ஜா தும்ஹி" என்றார். போங்கள் இப்போது. காகிதத்தை வாங்கி, வெங்காயத்துக்குக் கீழே விரித்துக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் எழுத ஆசை. மென்பொருளில் அந்தப் பகுதிக்குப் புதுப் படம் வந்துவிட்டது. மொட்டை மலையில் இப்போது புள்ளி இல்லை. சூரியன் மாறியிருக்கும், மேகம் மறைத்திருக்கும், காரணம் சொல்ல எனக்கா தெரியாது?

சொல்லத் தெரியாதது ஒன்றுதான். எங்கள் வீட்டுக் கூடம் வடக்குப் பார்த்தது, எதிரே அடுத்த கட்டிடத்தின் வெறும் சுவர். அக்டோபரில் அங்கே வெயில் நுழைய வழியே இல்லை. கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன். போன வருஷம் அக்டோபரில் ஒரு மாலை, நாலு பத்துக்கு, ஜன்னலோரச் சுவரில் உள்ளங்கை அளவு வட்டமாக ஒரு வெளிச்சம் வந்து நின்றது. அசையவில்லை. இந்த வருஷம் அது வாசல் கதவின் உட்புறத்தில் நின்றது, கைப்பிடிக்குச் சற்று மேலே.

இரண்டு குட்டை வீச்சுக்கு என்ன அர்த்தம் என்று மேலே எழுதியிருக்கிறேன். வேறு பேனா வாங்கி மேஜை மேல் வைத்திருக்கிறேன், கையெழுத்துக் கேட்டால் போட.