மிண்டாத பிள்ளையை லீடராக்கச் சொன்னார்கள்

மிண்டாத, அதாவது வாய் திறக்காத பிள்ளைக்குத் தாயாக இருப்பதும் ஒரு வேலைதான், லீவு கிடையாது. எனக்கு மூன்று, மூன்றும் மிண்டாது. உங்கள் வீட்டிலும் ஒன்று உண்டென்றால் நாம் ஒரே கூட்டம். கடைக்குட்டி ஜெபா பத்து முடித்து, நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் சயன்ஸ் படிக்க ஆசைப்பட்ட கதை இது.

நேதாவு

விண்ணப்பம் மலையாளத்தில் இருந்தது. ‘நேதாவாக இருந்த பரிசயம் உண்டோ?’ என்று ஒரு கேள்வி. எங்கள் பக்கம் நேதாவு என்றால் கொடி கட்டின ஜீப்பில் வந்து மைக் பிடிக்கிறவர். பயந்துபோய், ‘எங்கள் வீட்டில் ஆரும் கட்சியில் இல்லை’ என்று எழுதிவிட்டேன். அதைப் பார்த்து ஜெபாவுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. அந்த வாரம் அவள் பேசியதே இவ்வளவுதான்: “அம்மா, கட்சி இல்ல, லீடர்ஷிப்பாக்கும்.”

டியூஷன் ஸாறின் யோசனை

“ஸ்கூல் லீடர்ணு எழுதுங்க சேச்சி, ஆரு பாக்கப்போறா?” என்றார் அவளுடைய டியூஷன் ஸாறு. “பொய் எழுதிட்டு நான் எப்பிடி ஸாறே முழங்கால்ல நிண்ணு ஜெபிப்பேன்?” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எல்லாரும் இதத்தான் எழுதுவினும். நீங்க ஜெபிச்சிட்டே இருங்க, சீட்டு வேற ஆளுக்குப் போவும்!”

குடை

சொல்ல விஷயம் இல்லாமலில்லை. அமரவிளை ரோட்டில் லாரி பறக்கும். காலையில் சின்னப் பிள்ளைகள் கடக்க முடியாமல் நிற்கும். ஜெபா குடையைத் தூக்குவாள், வண்டி நிற்கும், பிள்ளைகள் நடக்கும். தாழ்த்தினால் ஒன்றும் அசையாது. ஆரும் அவளை ஏற்படுத்தவில்லை. பத்து முடிந்த பிறகும் போனாள். அந்தப் பிள்ளைகளில், தன் வீட்டில் அடங்காத ஒரு வாலுப்பெண்ணிடம், “இவளுக்கு மட்டும் எப்பிடி மக்கா அடங்குத?” என்று கேட்டேன்.

“அக்கா ஏசமாட்டா. அதாக்கும் பயம்.”

இதைத்தான் விண்ணப்பத்தில் எழுதினோம்.

இண்டர்வியூ

மூன்று பேர் உட்கார்ந்து, லீடர்ஷிப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். ஜெபா தரையைப் பார்த்தாள். “மிண்டாத குட்டி எப்படி மற்றவங்களை நடத்தும்?” என்றார் பெரிய ஸாறு. கூட நின்ற நான் சொன்னேன்: “லாரி இவ பேச்சைக் கேட்டா நிக்குது, ஸாறே?”

“அம்மே, குட்டி சொல்லட்டும்” என்றார். ஜெபா தலை நிமிர்ந்தாள்.

“சீட்டு தந்தா படிப்பேன் ஸாறே. தரல்லண்ணாலும் நாளைக்கு அந்தப் பிள்ளைகள கடத்தி விடணும். நான் போட்டா?” என்று போக உத்தரவு கேட்டாள்.

சீட்டும் கிட்டி, படிப்பும் முடிந்து, ஜெபா இன்று வேலைக்கும் போகிறாள். இன்னும் மிண்டமாட்டாள், திருத்த எனக்கும் உத்தேசமில்லை.