கிடார்க்காரனின் கோடித்துணி

வருஷா வருஷம் எங்கள் ஊர் பஸ் நிலையச் சுவரில் அவன் போஸ்டரை ஒட்டுகிறார்கள். ‘இட ஒதுக்கீட்டுப் போரில் உயிர் ஈந்த தியாகி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்தப் போட்டோ எடுத்த இடம் எனக்குத் தெரியும். என் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் கிடாரை வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்த போட்டோ அது. போஸ்டர்காரர்கள் கிடாரை வெட்டி எறிந்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்திருந்த கை இருந்த இடத்தில் ஒரு கொடியை ஒட்டியிருக்கிறார்கள். தியாகி சிரிக்கக் கூடாது என்று வாயையும் என்னவோ செய்து மூடிவிட்டார்கள். பார்க்கிறபோதெல்லாம் வயிறு பற்றி எரிகிறது. அறுபது தாண்டியாயிற்று, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், ஆத்திரப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, அவர் அந்தச் சுவர் பக்கம் வருவதில்லை.

அவன் கிடார்க்காரன். ராக் வாசிக்கிறவன். எண்பதுகளில் கள்ளக்குறிச்சியில் இப்படி ஒருத்தன் இருந்தான் என்றால் இப்போதைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பாண்டிச்சேரிக்குக் காலேஜ் படிக்கப் போனவன், பட்டத்தோடு ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிடாரையும் தூக்கிக்கொண்டு வந்தான். சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் அதை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனாராம். கிடார் வந்துவிட்டது, அது சத்தம் போட ஆம்ப்ளிஃபயர் வேண்டுமே. நேராக என் கடைக்கு வந்தான்.

என்னுடையது ரேடியோ செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு எதுவானாலும் மைக்கும் குழாய் ஸ்பீக்கரும் கொண்டுபோய்க் கட்டிக் கொடுப்பது தொழில். மைக் ஒயரைச் சொருகும் ஓட்டையைக் காட்டி, இதில் கிடாரைச் சொருகலாமா என்று கேட்டான். எனக்கும் அப்போது வேலை இல்லை. ஒயர் முனையில் இருந்த பின்னை மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்தேன். கம்பியில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் அலறியது. எதிர் டீக்கடைக்காரர், செட்டு கருகுது என்று கத்திக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார். இவன் மட்டும் கண் கலங்கி நிற்கிறான். அந்தக் கரகரப்பு வருவதற்கென்றே வெளிநாட்டில் தனியாக ஒரு பெட்டி வாங்கி மாட்டுவார்களாம், நம் குழாயில் அது ஓசியில் வருகிறதாம். என் செட்டின் கரகரப்புக்காக ஊரே என்னைத் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவன்தான். அன்றைக்கே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் என் செட்டு போகிற இடமெல்லாம் அவனும் வந்தான். திருக்கோவிலூர்க் கல்யாணங்கள், சங்கராபுரத்துப் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்கள். ஜனங்கள் சினிமாப் பாட்டுத்தான் கேட்பார்கள். மூஞ்சியைச் சுளிக்காமல் வாசிப்பான். பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் நடுவே ஒரு சந்து கிடைக்குமே, அதில் புகுந்து தன் சரக்கை அவிழ்த்துவிடுவான். கம்பி கெஞ்சும், ஏசும், ஓடும். அது எந்தப் பாட்டும் இல்லை, அவனாக அந்த நிமிஷத்தில் பின்னுவது. பந்தலில் ஒருத்தர், “இன்னாடா, தம்பி பூனை வாலை மிதிச்சிட்டானா?” என்று கேட்டுக் கூட்டமே சிரித்தது உண்டு. அவனும் சேர்ந்து சிரிப்பான், ஆனால் வாசிப்பதை நிறுத்த மாட்டான். எனக்கு ராக் என்றால் என்னவென்று தெரியாது, இப்போதும் சரியாகத் தெரியாது. அவன் வாசிக்கும்போது என் பின்கழுத்து மயிர் நட்டுக்கொள்ளும். அது போதாதா?

அவனுக்குப் பிடித்த ஊர் கல்வராயன் மலைதான். அங்கே ஒரு சிற்றூரில் வருஷத்துக்கு ஒரு திருவிழா. அந்தப் பக்கத்துக் குடிசைகளுக்கு அப்போது கரண்ட் போகவில்லை. லாரி பேட்டரியைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவோம். மலைக்காரர்கள் சினிமாப் பாட்டு கேட்டதே இல்லை. உனக்கு என்ன வருமோ வாசி என்றார்கள். அவன் வாசிக்க வாசிக்க ஆணும் பெண்ணும் கை கோத்து வட்டமாகச் சுற்றி ஆடினார்கள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டு, அடுத்த வருஷம் வராமல் இருக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். கீழே இறங்கும்போது அவன் சொன்னான், “மச்சான், மேல இருக்கிறவங்களுக்குத்தான்டா காது இருக்குது.” அதற்குப் பிறகு எந்தக் கல்யாணம் வந்தாலும் அந்தத் திருவிழாவை மட்டும் அவன் விட்டதில்லை.

அவன் செத்த வருஷம்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நானும் அந்தப் போராட்டத்தை நடத்திய சாதிதான். கேட்டது நியாயம். படித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுப் போட்டுச் செருப்புத் தேய்ந்தவர்களில் அவனும் ஒருத்தன். சாதிச் சங்கத்துக் கூட்டத்தில் ஆள் சேர்க்க ஒரு தடவை கிடார்கூட வாசித்துக் கொடுத்தான். அவனுடைய தாய்மாமன்தான் எங்கள் பக்கத்தில் சங்கத்துக்குப் பெரிய தலை. அக்காள் மகன் வாசிக்கிறான் என்று மேடையில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்டது நியாயம் என்றால் கேட்ட விதமெல்லாம் நியாயமாகிவிடுமா? இதைக் கேட்டால் நம் ஆட்களே என்னைத் துரோகி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

சாலை மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் அவன் மலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். எனக்குத் திருக்கோவிலூரில் ஒரு நிச்சயதார்த்த வேலை, அதனால் அவன் மட்டும் என் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் பேட்டரியையும் மோட்டார் பைக்கில் கட்டி, கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு போனான். மலையில் போனும் கிடையாது, பேப்பரும் போகாது. அவன் அங்கே வாசித்துக்கொண்டிருந்தபோது இங்கே புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தாத்தன் காலத்து மரங்கள். கடைகளெல்லாம் அடைப்பு. பஸ் இல்லை, லாரி இல்லை. ஊர் மூச்சு விடாமல் கிடந்தது.

திருவிழா முடிந்து விடியற்காலை அவன் இறங்கியிருக்கிறான். தூறல். கச்சிராயபாளையம் தாண்டி ஒரு வளைவு உண்டு. வளைந்ததும் மரம். மறியல் என்று தெரியும், மரம் கிடக்கும் என்று அவனுக்கு என்ன தெரியும்? வெட்டியவன் அந்த இடத்தில் ஒரு விளக்கு வைத்தானா, ஒரு சிவப்புத் துணி கட்டினானா? வெட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறார்கள். மரம் வெட்டத் தெரிந்த கைக்கு ஒரு துணி கட்டத் தெரியாதா?

சைக்கிளில் பால் கொண்டுவந்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மரம் வந்த இடத்தில் தோளில் தூக்கித் தாண்டி ஓடினேன். பாதி வழியில் எதிரே ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. அந்தப் பக்கத்துக் கொல்லை வயல்களில் வேலை செய்கிறவர்கள் அவனைப் போட்டுச் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். தொடை கிழிந்திருந்தது. வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. நல்ல ரோடாக இருந்தால் ஒரு ஜீப்பில் போட்டு அழுத்தினால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாங்கள் ஒவ்வொரு மரத்துக்கும் கட்டிலை இறக்கினோம், கிளைக்கு மேலே தூக்கினோம், மறுபக்கம் வாங்கினோம், மறுபடி சுமந்தோம். ஒவ்வொரு தூக்கலுக்கும் அவன் பல்லைக் கடித்தான்.

ஓர் இடத்தில் மரத்துக்குக் காவல் இருந்தவர்கள், மேலே கேட்டுத்தான் விடணும் என்றார்கள். கட்டிலில் கிடப்பது மனிதன் என்று கண்ணுக்குத் தெரிகிறது, கேட்டுத்தான் விடணுமாம். நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. உங்கள் தலைவரோட அக்காள் மகன்டா என்று சொன்ன பிறகுதான் கிளையை வளைத்துப் பிடித்தார்கள். யார் மகனாக இருந்தால் என்ன? யாரோ ஒருத்தன் மகனாக இருந்திருந்தால் அங்கேயே போட்டுவிட்டிருப்பார்களா?

அவன் என்னைப் பார்த்து, “கிடாருக்கு இன்னா ஆச்சி?” என்றான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். அதன் கழுத்து ஒடிந்து மரத்தடியில் கிடந்ததாகக் கட்டில் சுமந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். சரி என்று கண்ணை மூடிக்கொண்டான். ஊர் எல்லைக்கு வருவதற்குள் கை சில்லிட்டுப் போயிற்று. ஆஸ்பத்திரியில் நாங்கள் இறக்கி வைத்தது பிணத்தைத்தான்.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு ரேடியோ செட்டை யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை, கேள்விப்பட்டதும் போய்க் கட்டிவிட வேண்டும். அது வழக்கம். மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் நானே கட்டினேன். அழுகைப் பாட்டு எதுவும் போட மனசு வரவில்லை, மைக்கை மட்டும் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அவன் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா இல்லாத வீடு. இந்த ஒரு பிள்ளைதான்.

தாய்மாமன் ஆட்களோடு நடந்தே வந்தார். அழுதார். அழவில்லை என்று சொல்ல மாட்டேன், உண்மையாகவே அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் மைக்கைக் கையில் எடுத்தார். இட ஒதுக்கீட்டுக்காகத் தன் இன்னுயிரைத் தந்த தியாகி என்று ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் வாழ்க வாழ்க என்றார்கள். எனக்குக் காதுக்குள் என்னவோ அறுந்தது. யார் உயிரை யார் தந்தது? அவன் தந்தானா, நீங்கள் பிடுங்கினீர்களா? ஸ்விட்சை அணைத்தேன். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “மாமா, என் மைக்ல அந்த வார்த்தைய சொல்லாதீங்க” என்றேன். அவருடைய ஆட்கள் என் சட்டையைப் பிடித்தார்கள். சாவு வீடு, விடுங்கள் என்று பெரியவர்கள் வந்து விலக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாதவன் செத்தால் முதல் கோடி தாய்மாமன் போட வேண்டும். கோடி என்றால் புதுத்துணி, பிணத்தின் மேல் போர்த்துவது. அது விழாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். மடித்து வைத்திருந்ததை மாமன் உதறிப் பிரித்தார். சங்கத்துக் கொடி.

அவன் அம்மா கையை நீட்டித் தடுத்தார். குரல் உயரவே இல்லை. “தம்பி, தாய்மாமனா வந்திருந்தா துணி எடுத்துக்கினு வா. சங்கமா வந்திருந்தா அப்பால போயி நில்லு” என்றார். யக்கா, இது அவனுக்குப் பெருமை என்று மாமன் இழுத்தார். அந்த அம்மா மறுபடி முடியை ஒதுக்க ஆரம்பித்துவிட்டார்.

துணிக்கு எங்கே போவது? ஊரில் ஒரு கடை திறந்திருந்தால்தானே? திறக்கக் கூடாது என்று தெருத் தெருவாகப் போய்ச் சொன்னவரே மாமன்தான். கொடியை மடித்து ஆள் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். எதற்கு என்று கேட்டால், அவர் படுகிற பாட்டைக் கண்ணால் பார்க்கத்தான்.

ஜவுளிக்கடை சந்தில் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஜன்னல் மட்டும் திறந்தது. விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் நடுங்கினார். “நீங்கதான தொறக்கக் கூடாதுன்னீங்க? நா தொறந்து, நாளைக்கு உங்க ஆளுங்க வந்து கேட்டா இன்னா சொல்றது?” என்றார். மாமன், நானே சொல்கிறேன், திறங்கள், யார் வந்து கேட்பார்கள் பார்க்கிறேன் என்றார். ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியது. அந்தச் சத்தத்துக்கு எதிர் வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன. அந்த அடைப்பில் ஊரில் திறந்த ஒரே கடை அதுதான். அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார், திறந்துவிட்டது. எவ்வளவு லேசான வேலை.

வெள்ளை வேட்டியோடு திரும்பி வந்தோம். மாமன் அதைப் பிரித்து, இந்தத் தடவை ஒன்றும் பேசாமல், அவன் மார்பிலிருந்து கால் வரை போர்த்தினார். பெண்கள் ஒப்பாரியை நிறுத்தி ஓவென்று அழுதார்கள். பங்காளிகள் பாடையைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அவன் அம்மா துணியின் மடிப்பைத் தடவிப் பார்த்தார். கஞ்சி மொடமொடப்பு போகாத புதுத்துணி. தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தார்.

“செத்தவனுக்குக் கடைய தொறக்க வெக்கத் தெரிஞ்சிது உனக்கு. உசுரோட வந்தவனுக்கு வழி வுடத் தெரியலியே, தம்பி.”