ஆர்ஜொந்தெய்க் கடிதத்தின் மூன்றாம் பந்தி

சென்ற வாரம் நடந்தவை, வரிசைப்படி:

1. திங்கள் காலை சறோ அன்ரிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது.

2. அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு: “பிள்ளை, இதிலை லினாவின்ரை பேர் கிடக்கு. என்னவாம்?”

3. வேலைக்கு நடுவில் அதை வாசித்தேன். இரண்டு முறை.

4. பிழை என்னுடையது என்று விளங்கியது.

சறோ அன்ரி பாரிஸுக்குப் பக்கத்தில், பொண்டியில் இருக்கிறார். பிள்ளை வளர்ப்பதுதான் அவருடைய தொழில். பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளைகளை இங்கே சில வீடுகளில் ஒப்படைப்பார்கள்; வளர்ப்பவருக்குச் சம்பளமும், பிள்ளையின் செலவுக்குப் படியும் தருவார்கள். லினா அப்படி வந்தவள். வந்தபோது மூன்று மாதம், இப்போது ஏழு வயது. அவளைத் தேடி இனி யாரும் வரப்போவதில்லை என்று ஆன பிறகு அன்ரியிடம் கேட்டார்கள்: நீங்களே தத்தெடுக்கிறீர்களா?

அன்ரி அந்த நிமிடமே ஓம் என்றார்.

ஆனால் தத்தெடுத்தால் சம்பளம் நின்றுவிடும். அதன் பிறகு அவர் வளர்ப்பவர் இல்லை, அம்மா. அம்மாவுக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? வருமானம் குறைந்தவர்களுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. எவ்வளவு, எத்தனை வயது வரை, யாரிடம் எப்போது கேட்பது... எல்லாம் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு.

இது எனக்குப் புதிய செய்தியல்ல. ஒன்பது வயதிலேயே தெரியும் — நானும் சறோ அன்ரி வீட்டுப் பிள்ளைதான்.

அம்மா நீண்ட காலம் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மூன்று வருடங்களும் என்னை அன்ரியிடம் விட்டிருந்தார்கள். அறையில் இன்னொரு கட்டிலில் ஐசா. என்னைவிட ஒரு வயது மூத்தவள். பெற்றோர் மாலி நாட்டவர். அவளை ஒப்படைத்த மாவட்டம் வேறு, என்னை ஒப்படைத்தது வேறு. ஒரே வீட்டில் இரண்டு சட்டம்!

அவளுடைய மாவட்டம் பிறந்தநாள் பரிசுக்குப் படி தரும். என்னுடையது தராது. உடுப்புக்கு எனக்குப் பணமாக வரும். அவளுக்குக் கூப்பன், குறித்த ஒரு கடையில் மட்டும்தான் செல்லும். கோடை முகாம் அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை.

அந்தக் கூப்பனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காசாளர் அதைத் தூக்கிப் பிடித்து, உரத்த குரலில் மேலாளரைக் கூப்பிட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு முறைதான். அடுத்த குளிர்காலத்தில் அன்ரி எங்கள் இருவரின் கால்களையும் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்தார். பக்கத்துப் பாண் கடையில் எங்களை உட்கார வைத்துவிட்டு, அந்தத் தாளோடு தனியே கூப்பன் கடைக்குள் போனார். நாங்கள் பிரியோஷ் என்ற இனிப்பு ரொட்டியைத் தின்று முடிப்பதற்குள் சப்பாத்துப் பெட்டிகளோடு வந்துவிட்டார். காசாளர் அன்றும் கூப்பிட்டிருப்பார்... எங்களுக்குக் கேட்கவில்லை.

என் பிறந்தநாளுக்கு, தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் காப்பு வாங்குவார். எனக்கு ஒரு சோடி, ஐசாவுக்கும் ஒரு சோடி. ஆறு மாதத்தில் எங்கள் தமிழைப் பிடித்துவிட்ட ஐசா கேட்டாள்:

“அன்ரி, இண்டைக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லையே?”

“அப்ப திருப்பித் தா.”

“ஏலாது!”

எந்தப் பிள்ளை எந்த மாவட்டம் என்று எங்கள் சாப்பாட்டு மேசையைப் பார்த்து எந்த அதிகாரியாலும் சொல்லியிருக்க முடியாது. அந்த மூன்று வருடங்களை நான் இழப்பாக நினைப்பதேயில்லை. ஆச்சரியமாக இருக்கிறது, இல்லையா?

சரி, என் பிழைக்கு வருகிறேன்.

பாரிஸில் தமிழர் கூடும் லாச்சப்பலில் நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது ஒரு விண்ணப்பம் சரிவந்துவிட்டால், அந்தக் கடிதத்தின் நகல் ஊரெல்லாம் சுற்றும். விசா, வீடு, குடியுரிமை — எதற்கும் ஒரு ‘சரிவந்த கடிதம்’ இருக்கும். பாரிஸுக்கு வெளியே, ஆர்ஜொந்தெய்யில் பிள்ளை தத்தெடுத்த ஓர் அக்கா, மளிகைக் கடையில் வைத்துத் தன் கடிதத்தை அன்ரியிடம் கொடுத்திருந்தார். அன்ரி அதை என்னிடம் நீட்டினார்.

“அவவுக்குப் பதினெட்டு வயசு வரைக்கும் குடுக்கினமாம். நீ பேரை மட்டும் மாத்து பிள்ளை.”

நான் மென்பொருள் எழுதுகிறவள். அடுத்தவர் எழுதிய வரியை வாசித்து விளங்கிக்கொள்ளாமல் ஒட்டாதீர்கள் என்று வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஒட்டினேன்.

மூன்றாம் பந்தியில் இப்படி ஒரு வரி: ‘இந்த உதவி இல்லாமல் எங்களால் இந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க இயலாது.’ அந்த அக்காவின் மாவட்டத்தில் அது தேவையைக் காட்டும் வரி. லினாவின் கோப்பு இருக்கும் மாவட்டத்தில் உதவித்தொகையைத் தத்தெடுப்பு முடிந்த பிறகுதான், வேறு படிவத்தில் கேட்க வேண்டும். ஆகவே அவர்கள் அந்த வரியை எழுதியபடியே வாசித்தார்கள். பதிவுத் தபாலில் இருந்தது இதுதான்: உங்கள் தயக்கத்தைக் கவனத்தில் கொண்டு, லினாவுக்காக வேறு குடும்பங்களையும் பரிசீலிக்கிறோம்.

வியாழக்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனோம். நான் அன்ரிக்கு ஆதரவாகப் பதினொரு அம்சங்களைத் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். கோப்பைப் பார்க்கும் பெண் மரியாதையானவர். மூன்றாவது அம்சத்தில் என்னை மெல்ல நிறுத்தி, அன்ரியிடமே நேராகக் கேட்டார்.

“மதாம், பணம் கிடைக்காவிட்டால்?”

அன்ரிக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் தமிழ்தான்.

“சொல்லு பிள்ளை இவவுக்கு. ஏழு வருசமா நான் என்ன, வாடகைக்கோ வைச்சிருக்கிறன்? தந்தாலும் தராட்டிலும் அவள் என்ரை பிள்ளை.”

மொழிபெயர்த்தேன்.

“அப்படியானால் ஏன் உதவி கேட்டீர்கள்?”

“தந்தா வேண்டாம் எண்டு சொல்லுவனோ? இவ எண்டா சொல்லுவாவோ, கேள்!”

அதையும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “இதை உங்கள் கையால் எழுதித் தாருங்கள், மதாம்” என்று ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

அன்ரி நான்கு வரி எழுதினார். இரண்டு எழுத்துப் பிழைகள். என் கை தானாக நீண்டது.

“நீ தொடாதை.”

திரும்பும் ரயிலில் அன்ரி என் மடியில் கிடந்த தாளைச் சுட்டிக் கேட்டார்: “பதினொண்டு எழுதினியே... லினா என்ரை பிள்ளை எண்டது அதிலை எத்தினையாவது?”

முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். அது அந்தப் பட்டியலில் இல்லை.

இன்றைய நிலை: அன்ரியின் கையெழுத்துக் கடிதம் கோப்பில் சேர்ந்துவிட்டது. வேறு குடும்பங்களின் விண்ணப்பங்களும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. முடிவெடுக்கும் சபை அடுத்த மாதம் கூடுகிறது. உதவித்தொகையைப் பற்றி நாங்கள் மறுபடி கேட்கவில்லை. லினா பொண்டியில் இருக்கிறாள்.