சிரட்டையில் ஆறிய கூழ்

வாய்வு என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வரும். தோள் இழுத்தால் வாய்வு, முதுகு பிடித்தால் வாய்வு, நெஞ்சு அடைத்தாலும் வாய்வு. எங்கள் ஆட்களின் உடம்புக்குள் வேறொரு வருத்தமும் வராதாக்கும்! அந்த ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில் என் வீட்டுக் குசினியில் ஒரு மனிதருடைய இதயம் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் பக்கத்தில் நின்று பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டு பகிடி விட்டோம்.

அவர் எங்கள் குடும்ப நண்பர். ஒபர்வில்லியேயில் ஒரு களஞ்சியத்தில் அரிசி மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. எனக்கும் என் மனுசனுக்கும் அவர் அண்ணை. என் வீட்டில் கூழ் என்றால் நண்டு வாங்கி வருவது அவர் பொறுப்பு. வரும்போதே தோளில் ஒரு துவாய் கிடக்கும். கூழ் உள்ளே இறங்கினால் அவருக்கு வேர்க்கிற வேர்வை இருக்கிறதே, முதல் சிரட்டைக்கு நெற்றி, அடுத்ததற்குக் கழுத்து, அதற்குப் பிறகு துவாயைப் பிழியலாம். அதே துவாயால்தான் வாயையும் மீசையையும் துடைப்பார். போகும்போது அது நாறல் நண்டாக மணக்கும். வீட்டில் அவருடைய மனைவி அதற்கு ஏசுகிற ஏச்சை எங்களுக்கு நடித்துக் காட்டுவார்.

வேர்க்காவிட்டால் அது என்ன கூழ்? அண்ணையின் துவாய் நனைந்தால் என் கைப்பக்குவம் சரி என்று எனக்கு நெஞ்சு நிமிரும். உப்பைக் கூட நான் நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை, அவருடைய துவாயைத்தான் பார்ப்பேன்.

அன்று காலையில் அக்கா, அதாவது அவருடைய மனைவி, போன் எடுத்தார். ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை, ஞாயிறும் விடமாட்டார்கள்.

"பிள்ளை, இவர் நண்டோடை வெளிக்கிட்டிட்டார். ஒரு கிழமையா நெஞ்சுக்கை பாரமாக் கிடக்கெண்டு சொல்லிக்கொண்டு திரியிறார். வாய்வுதான் போலை. கூழுக்கு உள்ளியைக் கொஞ்சம் கூடப் போடு."

"டொக்டரிட்டைக் காட்டேல்லையோ அக்கா?"

"காட்டினது. இதயம் பாக்கிறவரிட்டைப் போகட்டாம். அவரைப் பாக்க ரொந்தேவு வாற மாசம்தான் கிடைச்சது. என்ரை பங்கைத் தூக்குச்சட்டியிலை விட்டுக் குடுத்துவிடு, என்ன?"

"உள்ளி மட்டுமே? இஞ்சியும் தட்டிப் போடுறன்," என்றேன்.

எங்கள் வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தபோது அண்ணை சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மற்றக் கையில் தூக்குச்சட்டியும் நண்டுப் பையும். பைக்குள் நண்டுகள் கறகறவென்று பிறாண்டின. அவருடைய உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

"இந்த வீட்டை விட்டு எப்ப எழும்பப் போறியள்? மூண்டாம் மாடியிலை குந்தியிருந்திட்டு வாறன்."

"உங்களுக்கு வயசு போட்டுது அண்ணை. அதை ஒப்புக்கொள்ளுங்கோ," என்று என் மனுசன் சிரித்தார்.

அண்ணையும் சிரித்தார். குசினி யன்னலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து இடது தோளைத் தேய்க்கத் தொடங்கினார். மூட்டை தூக்கினதாம். கொஞ்ச நேரத்தில் தாடையைப் பிடித்தார். கடைவாய்ப் பல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார், எங்களுக்கும் ஒவ்வொன்றும் பொருந்திப் போயிற்று. இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு ஒரு பெரிய ஏப்பம் விட்டார்.

"பாத்தியளே, வாய்வு வெளிக்கிடுது!" என்று என் மனுசன் கைதட்டினார். ஏப்பம் வந்ததும் எனக்கும் பாரம் இறங்கியதுபோல இருந்தது. என்ன சனங்களோ நாங்கள்.

கீழ் மாடியில் ஒரு பாண்டிச்சேரி அம்மா இருக்கிறார். நகரசபை அலுவலகத்தில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம். கூழ் குடித்ததே இல்லை என்று ஆசைப்பட்டு அன்று மேலே வந்திருந்தார். மூக்கை மூக்கைச் சுருக்கிக்கொண்டு பானைக்குள் எட்டிப் பார்த்தார். மீன் தலை, இறால், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் எல்லாம் ஒன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தன. நண்டைப் போட்டதும் பானை சிவந்தது. அரைத்த செத்தல் மிளகாயையும் புளியையும் விட்டபோது எல்லோருக்கும் இருமல் வந்தது. அண்ணை மட்டும் இருமவில்லை. யன்னலைத் திறக்கச் சொன்னார்.

வெளியே குளிர் அப்படி. ஆனாலும் திறந்துவிட்டேன். மெத்ரோ பாலத்தில் போகிற இரைச்சல் உள்ளே வந்தது. "இன்னும் கொஞ்சம் திற பிள்ளை," என்றார். அது முழுக்கத் திறந்துதான் இருந்தது. என்ன செய்யுது என்று கேட்டிருப்பேன், ஆனால் அதற்குள் ஒடியல் மா விடுகிற பதம் வந்துவிட்டது.

ஊறவைத்துக் கைப்பு நீக்கிய மாவைக் கரைத்துப் பானையில் விட்டால், அதற்குப் பிறகு அகப்பையை விட்டுக் கை எடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பினால் அடிப்பிடித்துவிடும். ஆகவே நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துழாவினேன். பின்னால் அண்ணை மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நீளமான மூச்சு இல்லை, துண்டு துண்டாக. "அண்ணை, என்ன சத்தத்தையே காணேல்லை?" என்று திரும்பாமலே கேட்டேன். "மணம் பிடிக்கிறன்," என்றார். அட, அந்த நேரத்திலும் அந்த மனிதருக்குப் பகிடி.

எங்கள் வீட்டில் கூழைச் சிரட்டையில்தான் குடிப்போம். தேங்காய் உடைக்கும்போதெல்லாம் நல்ல சிரட்டையாகப் பார்த்துச் சுரண்டி எடுத்துவைப்பேன். சிரட்டையைக் கீழே வைக்க முடியாது, சரிந்துவிடும். வாங்கினால் குடித்து முடிக்கும்வரை கையில்தான். அண்ணைக்கு முதலில் வார்த்து, மேலே ஒரு நண்டுக் காலையும் வைத்துக் கொடுத்தேன். பிறகு நாங்கள் மூவரும் பானையைச் சுற்றிக் கீழே குந்தினோம். என் மனுசன் ஒரே இழுவையில் பாதியை முடித்தார். உறைப்பு என்றால் உச்சியில் பிடிக்கிற உறைப்பு. மதாம் ஒரு மிடறு குடித்துவிட்டு "ஓலாலா!" என்று நாக்கை வெளியே நீட்டினார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு.

மதாம்தான் முதலில் பார்த்தார்.

"மிஸியேவுக்கு என்னங்க இப்படி ஊத்துது? மூஞ்சியே ஒரு மாதிரி இருக்கே?"

நான் தலையைத் தூக்கினேன். அண்ணையின் நெற்றி, கழுத்து, சேட்டுக் கொலர் எல்லாம் தெப்பமாக நனைந்திருந்தன. துவாயைப் பிழியலாம்.

"அதுதான் மதாம் கூழ்!" என்றார் என் மனுசன். "பொறுங்கோ, உங்களுக்கும் வரும்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இந்த முறை கூழ் பிசகவில்லை என்று மனதுக்குள் நினைத்தேன். அப்படியே நினைத்தேன். அகப்பையை எடுத்துக்கொண்டு, அடுத்த சிரட்டை வார்ப்போம் என்று எழும்பி அவரிடம் போனேன்.

அவருடைய சிரட்டை நிறைந்திருந்தது. நான் வார்த்த மட்டத்திலேயே நின்றது. மேலே ஆடை படிந்திருந்தது. நான் வைத்த நண்டுக் கால் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"அண்ணை, நீங்கள் இன்னும் ஒரு வாயும் குடிக்கேல்லையே?"

கையைப் பிடித்தேன். வேர்வை பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்தது.

"குடிக்கிறன் பிள்ளை," என்றார். "கொஞ்சம் ஆறட்டும்."

சிரட்டை மடியில் சரிந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மதாம் அதற்குள் அவசர இலக்கத்தை அழைத்து, அலுவலகப் பிரெஞ்சில் மாடி, கதவு இலக்கம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனுசன் அண்ணையைத் தரையில் கிடத்தி, போனில் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தினார். அழுதுகொண்டே அழுத்தினார். அவசர ஊர்தியில் வந்தவர்கள் ஐந்து மாடியும் ஏறி வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை என்றேன். அந்தப் பெரிய பானையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அக்கா வேலை உடுப்போடு ஓடிவந்தார். கையில் அறை கழுவுகிற ஜவெல் மணம். டொக்டர் அவரை ஓர் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய், அண்ணை போய்விட்டார் என்று சொன்னார். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அழவில்லை.

"கூழ் நல்லா வந்ததே பிள்ளை?"

"வந்தது அக்கா."

"இவருக்கு வேர்த்ததே?"

"ஓம் அக்கா. துவாய் முழுக்க நனைஞ்சு போச்சு."

"அப்ப ஆசை தீரக் குடிச்சிருக்கிறார்," என்றார். அப்போதுதான் அவர் கண்ணில் நீர் வந்தது. கொஞ்சம் சிரித்தார்கூட.

துவாய் என் பையில் இருந்தது. ஏன் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று தெரியாது. கேட்டார், கொடுத்தேன். ஈரம் இன்னும் காயவில்லை. அதை விரித்து முகத்தோடு சேர்த்துப் பிடித்தார். மூச்சை இழுத்தார். திருப்பிப் பிடித்து, மற்றப் பக்கத்திலும் நண்டு மணத்தைத் தேடினார்.

பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா துவாயை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.